வளரும் பிள்ளைகளின் தட்டில் பால், முட்டை, மீன், இறைச்சி

பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. உயரமும், 2 முதல் 3 கிலோ எடையும் கூடும். கைக்குழந்தையின் வளர்ச்சியைப்போல இது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை என்பதால், வயிறு நிறைந்தால் போதும் என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பி12 வைட்டமினோ தாவர உணவுகளில் அநேகமாக இல்லை. இந்தக் குறையை விலங்கு உணவுகள் எளிதாக நிரப்புகின்றன.

வாரத்தில் ஒருநாள் வயிறு முட்டக் கறி போட்டுவிட்டு மற்ற நாள்களில் வெறும் தானியத்தோடு நிறுத்திக்கொள்வதைவிட, நாள்தோறும் கொஞ்சமாகக் கொடுப்பதே பயன் தரும். மிஞ்சிய புரதத்தை உடல் நாளைக்கென்று சேர்த்து வைப்பதில்லை. அமெரிக்கப் பரிந்துரையின்படி 4 முதல் 8 வயது வரை நாளொன்றுக்கு 19 கிராம், 9 முதல் 13 வயது வரை 34 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 200 மி.லி. பாலில் ஏறத்தாழ அதே அளவும் கிடைப்பதால், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதித் தேவைக்கு மேல் இவ்விரண்டிலேயே தீர்ந்துவிடும். எஞ்சியதைத் தானியமும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். அதற்காகத் தானியத்தையும் எண்ணெயையும் குறைத்துவிடக் கூடாது. ஆற்றல் போதாத உடல், கிடைத்த புரதத்தையே எரித்துச் செலவழித்துவிடும்.

எந்த உணவு எதற்கு உதவும் என்பதற்குக் கென்யாவின் எம்பு பகுதியில் 12 பள்ளிகளில் 1998 முதல் 2000 வரை நடந்த ஆய்வு நல்ல சான்று. பள்ளியில் தரப்பட்ட மக்காச்சோளமும் பயறும் கலந்த சிற்றுண்டியில் இறைச்சி சேர்த்து உண்ட பிள்ளைகளிடம் தசை வளர்ச்சியும் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணும் மேம்பட்டன. பால் சேர்க்கப்பட்டவர்களில், ஏற்கெனவே உயரம் குன்றியிருந்த இளம்பிள்ளைகளின் உயரம் கூடியது. இரு குழுவினருக்கும் பி12 அளவு உயர்ந்தது. ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் பால் நெடுநெடுவென்று வளர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதியை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றோடு உண்ணும் கீரை, பருப்பின் இரும்புச்சத்தும் கூடுதலாக உட்கிரகிக்கப்படுகிறது. எனவே சிறிதளவு கறியானாலும் பருப்போடு சேர்த்தே சமைக்கலாம். பாலின் கால்சியமும் தேநீரின் துவர்ப்புப் பொருள்களும் இரும்புச்சத்தைத் தடுப்பதால், பாலை வேறு வேளைக்கு ஒதுக்குவது நல்லது. தேநீர் பிள்ளைகளுக்கு வேண்டியதே இல்லை.

ஆறேழு வயதில் முன்பற்கள் விழத் தொடங்கும்போது, கறித்துண்டைக் கன்னத்தில் அதக்கி வைத்திருந்து, சாறு போனபின் சக்கையைத் துப்பிவிடும் பிள்ளைகள் பலர். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்ட வேண்டாம். கொத்துக்கறியாக்கிக் குழைய வேகவைத்தால் தானே உள்ளே இறங்கும். மீனை விரலால் உதிர்த்து, முள் தட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகே தட்டில் வைக்க வேண்டும். மெல்லக்கூடிய மென்முள் உள்ள சிறுமீன்கள் கால்சியமும் தரும். சுறா போன்ற பெருமீன்களில் பாதரசம் சேர்வதால் அவற்றைத் தவிர்க்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்குவது, சத்தில் பெரும்பகுதியை ஒதுக்குவதாகும். அது கெட்டியாகும்வரை வெந்திருக்க வேண்டும். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியை அன்றாட உணவாக்கக் கூடாது.

இறைச்சி உண்ணாத வீடுகளில் பாலும் தயிரும் பி12 தேவையைப் பெருமளவு ஈடுகட்டும். ஆனால் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் பருப்பு, கீரையோடு புளிப்பான பழங்களையும் சேர்க்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பும் பிள்ளைக்குத் தயிர் ஒத்துக்கொள்ளக்கூடும். முட்டையோ மீனோ தின்றதும் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பலன் தெரிய, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மாலையில் உயரம் சற்றுக் குறையும் என்பதால் எப்போதும் காலையில், வெறுங்காலுடன், குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து அளக்க வேண்டும். ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாகவே வளர்ந்திருந்தால், உணவை மட்டும் கூட்டிக்கொண்டு காத்திராமல், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு குழந்தைநல மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, குடல் நோய் போன்றவையும் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும்.