இடிக்கிற வீட்டுக் கதவை வாங்கிப் பிழைக்க நினைப்பவர்களுக்கு

முதலில் ஒரு பொருளை முடிவு செய்யுங்கள். பித்தளை, ரேடியோ, தையல் மெஷின், ஜாடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வந்தால் வீடு நிறையும், கை நிறையாது. நான் பிடித்துக்கொண்டது மரம். மதுரையில் பழைய வீடுகள் இடிபடும்போது வருகிற கதவு, ஜன்னல், நிலை, உத்தரம். எங்கள் மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகைதான் பட்டறை. நனையாத ஓர் இடமும் பொறுமையான ஓர் ஆசாரியும் கிடைத்தால் நீங்களும் தொடங்கலாம். கடை பிடிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரக்கைப் பழைய மரக்கடையில் வாங்கினால் லாபம் அவர்களுக்கே போய்விடும். ஜேசிபி வருவதற்கு முன்னால் நீங்கள் அந்த வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும். அதன் இரும்பு வாளி ஒருமுறை பட்டால் நல்ல நிலையும் விறகாகிவிடும். எந்தத் தெருவில் எந்த வீடு இடியப்போகிறது என்று கொத்தனாருக்கும் முனை டீக்கடைக்காரருக்கும் முன்பே தெரியும். அவர்களிடம் உங்கள் நம்பர் இருக்கட்டும். போனதும் விலை பேசாதீர்கள். மரம் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். இடிப்பு மொத்தத்தையும் காண்ட்ராக்டரிடம் பேசி முடித்திருந்தால் பெரும்பாலும் கதவும் அவருக்குத்தான் சேரும். வீட்டுக்காரரிடம் காசு கொடுத்துவிட்டு காண்ட்ராக்டரோடு சண்டை போட நேரும். யாரிடம் வாங்கினாலும், எந்த வீடு, என்ன பொருள், எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் காட்ட அதுதான் உண்டு.

இன்னொன்று. தலைவாசல் நிலைக்கு அந்த வீட்டில் தலைமுறையாக மஞ்சள் குங்குமம் வைத்திருப்பார்கள். மகன் விற்கச் சம்மதித்தாலும், வீட்டில் பெரியம்மா இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் கழற்றச் சொல்வேன். சிலர் ஒரு மரச் சட்டத்தையாவது வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். கொடுத்துவிடுங்கள்.

மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். பச்சை பெயிண்ட் அடித்த கதவு எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உளியால் மெல்லச் சீவுங்கள். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசையும் பதப்படுத்திய தோலின் வாசமும் வரும். வளையக் கோடுகள் தெளிவாகத் தெரியும். வேங்கை என்று சந்தேகம் வந்தால் சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரில் நீலச் சாயல் மினுங்கும். செட்டிநாட்டுப் பக்கம் பர்மா தேக்கு அதிகம், ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் உண்டு. வாங்காவிட்டாலும் ஒரு நாள் முழுக்க அங்கே மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். சாதாரண வீடுகளில் வேம்பு, பூவரசு, பலா எல்லாம் கலந்து வரும். எல்லாவற்றுக்கும் தேக்கு விலை சொல்பவரிடம் அசைந்து கொடுக்காதீர்கள்.

விலை பேச அளவு தெரிய வேண்டும். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 4-க்கு 3 அங்குலச் சட்டத்தில் செய்த நிலை ஒன்று, நெடுக்கில் 7 அடி இரண்டு, குறுக்கில் மூன்றரை அடி இரண்டு என்றால் மொத்தம் 21 அடி. அதில் 1.75 கன அடி மரம் இருக்கிறது. உளுத்த அடிப்பகுதியைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். நிலை தரையைத் தொடும் இடத்தில்தான் கரையான் முதலில் ஏறும்.

கழற்றும்போது கடப்பாரையை அவசரமாக நுழைக்க வேண்டாம். பழைய ஆசாரிகள் ஒரு சட்டத்தின் செதுக்கிய நுனியை (கழுந்து) மற்றதன் துளையில் இறக்கி மர ஆணி அடித்துச் சேர்த்திருப்பார்கள். அந்த ஆணியை எதிர்ப்பக்கமிருந்து தட்டினால் சட்டம் முழுசாகப் பிரியும். பட்டறைக்கு வந்ததும் காந்தம் கொண்டு ஒவ்வொரு சட்டத்தையும் தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்த இரும்பாணி ஒன்று இருந்தால் இழைப்புளி வாய் போய்விடும், ரம்பத்தில் பட்டால் ஆளுக்கே ஆபத்து.

பெயிண்ட் விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவு எதிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பு காட்டி உரிக்காதீர்கள், காய்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டலைப் பையில் கட்டி வையுங்கள். தூசிக்கான நல்ல மாஸ்க் அவசியம். அந்த இடத்தில் குழந்தைகளை விடவே கூடாது.

மரத்தில் சின்னச் சின்ன ஓட்டையும் கீழே டால்கம் பவுடர் மாதிரி மாவும் கண்டால் வண்டு உள்ளே இருக்கிறது. அந்தச் சட்டத்தை மற்றதோடு அடுக்காதீர்கள். போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலைப் பெயிண்ட் எடுத்த மரத்தில் நன்றாக ஊறவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு பாலிஷுக்குப் போகலாம். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவிடுங்கள்.

இனி காசு. கணக்குக்காகச் சொல்கிறேன்: ஜன்னல் 1,500 ரூபாய், வண்டி 300, ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி 2,400, கண்ணாடி, பாலிஷ், சாமான் 800. அடக்கமே 5,000 ஆகிவிடுகிறது. உங்கள் உழைப்பையும் கொட்டகை வாடகையையும் சேர்க்காமல் 6,000-க்குக் கொடுத்தால் சீக்கிரமே சலித்துப்போவீர்கள். 7,500 சொல்லுங்கள், கூசாதீர்கள். அடுத்த வீட்டு நிலையைத் தன் வீட்டு வாசலில் வைக்கப் பலர் தயங்குவார்கள். அதை வற்புறுத்தி விற்க வேண்டாம். நிலையைப் புத்தக அலமாரியாகவோ, ஆளுயரக் கண்ணாடிச் சட்டமாகவோ மாற்றினால் அதே ஆட்கள் வாங்குவார்கள். நல்ல கதவைப் படுக்கவைத்துக் கால் கொடுத்தால் சாப்பாட்டு மேசை.

அரசாங்கச் சட்டம் ஒன்றையும் மறக்காதீர்கள். 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் 100 வயது கடந்தால் தொல்பொருளில் சேரும். அதை விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வீடு கட்டிய வருடத்தை முதலிலேயே கேட்டு, கையெழுத்து வாங்கும் அந்தத் தாளில் எழுதுங்கள். சிற்ப வேலைப்பாடுள்ள செட்டிநாட்டுக் கதவு வந்தால் தொல்லியல் துறையில் விசாரிக்காமல் கை வைக்காதீர்கள். கோயில் சம்பந்தப்பட்ட எதையும் நான் தொடுவதே இல்லை.

ஆடியில் பெரும்பாலோர் புது வேலை தொடங்க மாட்டார்கள், விற்பனை படுத்துவிடும். நான் அந்த மாதத்தில் மரத்தைச் சுத்தம் செய்து அடுக்கிவிடுவேன். ஆவணியில் கொஞ்சம் போகும். பெரிய ஓட்டம் தையில், கிரகப்பிரவேசத்தோடு. அந்த ஆர்டர்களைக் கார்த்திகைக்குள் பேசி, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் ஆசாரியிடம் சட்டத்தைக் கொடுப்பேன். மழை ஈரத்தில் பாலிஷ் காய நாளாகும், அதையும் சேர்த்தே தேதி சொல்லுங்கள்.