கனிமச் சரக்கு ரயில்: டன்னுக்கு ஆகும் செலவைக் குறைக்கும் வழி

என்ஜின், வேகன், தண்டவாளம், ஆட்கள் ஆகியவற்றுக்கான செலவில் பெரும்பகுதி ரயில் ஓடினாலும் நின்றாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் கட்டணப் பேரத்துக்கு முன்பே இரண்டைக் கவனியுங்கள்: ஒவ்வொரு வேகனிலும் எத்தனை டன் ஏறுகிறது, ரயில் எத்தனை மணி நேரத்தில் சுரங்கத்துக்குத் திரும்புகிறது.

படி 1: சுற்று நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. ஏற்ற 3 மணி நேரம், சரக்கோடு ஓட 8, இறக்க 4, காலியாகத் திரும்ப 7, காத்திருப்பு 6, மொத்தம் 28. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 85 சதவீதம் ரயில் வேலையில் இருந்தால் சுமார் 266 சுற்று வரும். 100 வேகன், வேகனுக்கு 80 டன் என்றால் 21.3 லட்சம் டன். காத்திருப்பை மட்டும் 2 மணி நேரமாகக் குறைத்தால் 310 சுற்று, 24.8 லட்சம் டன். ஒரு வேகன்கூடப் புதிதாக வாங்காமலே மூன்றரை லட்சம் டன் கூடுகிறது!

ஒரு மாதத்துக்கு, 15 நிமிடத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நிறுத்தத்தையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். ரயில் வந்தபோது சைலோவில் (வேகனில் கொட்டுவதற்காகச் சரக்கைச் சேர்த்து வைக்கும் உயரமான கொள்கலன்) சரக்கு இல்லை, ஓட்டுநரின் பணி நேரம் முடிந்தது, இறக்குமிடத்தில் கன்வேயர் (சரக்கை எடுத்துச் செல்லும் நகரும் பட்டை) நின்றது என்று எழுத எழுத, எதை முதலில் சரிசெய்வது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

படி 2: சரக்குக்கு ஏற்ற வேகன்

25 டன் அச்சுச் சுமை (ஒரு ஜோடிச் சக்கரம் தண்டவாளத்தில் அழுத்தும் எடை) தாங்கும் பாதையில் நான்கு அச்சு வேகனின் மொத்த எடை 100 டன். வெறும் வேகன் 20 டன் என்றால் சரக்குக்கு 80 டன். கன மீட்டருக்கு 0.85 டன் உள்ள நிலக்கரிக்கு 94 கன மீட்டர் இடம் வேண்டும், 2.4 டன் உள்ள இரும்புத்தாதுவுக்கு 33 போதும். தாது வேகனில் நிலக்கரியை ஏற்றினால் 28 டன்தான் பிடிக்கும். வெறும் எடையில் குறையும் ஒவ்வொரு டன்னும் சரக்காக மாறும்.

படி 3: சமமாக ஏற்றுங்கள்

பணம் அதிகம் கசியும் இடம் இதுதான். வேகனுக்கு 2 டன் குறைந்தால் ஒரு சுற்றில் 200 டன் போச்சு. 266 சுற்றில் 53,200 டன். அதற்குப் பயந்து அதிகமாக ஏற்றவும் கூடாது: ஸ்பிரிங் உடையும், பேரிங் சூடாகும், தண்டவாளம் விரிசல் விடும்.

சைலோவுக்கு அடியில் ரயில் மணிக்கு 0.8 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 14 மீட்டர் வேகன் சுமார் ஒரு நிமிடத்தில் கடக்கும். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஷூட்டின் (சைலோவிலிருந்து சரக்கு கொட்டும் குழாய்) வாய் வேகனுக்குள் இறங்கி, முன்சுவரைத் தாண்டியதும் திறந்து, பின்சுவருக்குச் சற்று முன்பே மூட வேண்டும். மூடத் தாமதித்தால் சரக்கு கப்ளிங் (வேகன்களை இணைக்கும் கொக்கி) மேலும் தண்டவாளத்தின் மேலும் கொட்டும். ஒரு பக்கம் குவிந்தால் மறுபக்கச் சக்கரத்தில் பாரம் குறைந்து, வளைவில் தடம் புரளும் ஆபத்து உண்டு. எடைமேடையில் மொத்த எடை மட்டும் போதாது. போகி (வேகனின் முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதி) வாரியாகவும், இடம் வலம் பிரித்தும் பாருங்கள்.

படி 4: ஈரமும் ஒட்டலும்

8,000 டன் சரக்கில் 8 சதவீதம் ஈரம் என்றால் 640 டன் தண்ணீரைச் சுமக்கிறீர்கள். கிடங்கில் வடிகால் அமைத்து நீர் வடிய விடுங்கள். முற்றிலும் காயவிட்டால் தூசி பறக்கும். அதற்கு மேற்பரப்பில் மட்டும் தண்ணீர் தெளித்தால் போதும்.

ஈரமான களிமண் கலந்த சரக்கு வேகன் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். அது போக வர இருவழியும் இலவசப் பயணம் செய்யும். திரும்பும் காலி வேகன்களையும் எடை போடுங்கள். வெறும் எடையைவிட 1 டன் கூடினாலே அந்த வேகனைச் சுத்தம் செய்ய அனுப்புங்கள்.

படி 5: இறக்குதலும் ரயில் நீளமும்

சுழல் கப்ளிங் (சுழலக்கூடிய இணைப்பு) உள்ள வேகன்களைக் கழற்றாமலே டிப்ளரில் (வேகனைப் பிடித்துப் புரட்டும் இயந்திரம்) கவிழ்க்கலாம். ஈரமில்லாமல் எளிதில் சரியும் சரக்குக்கு அடித்திறப்பு ஹாப்பர் (அடிக்கதவு திறந்து சரக்கைக் கொட்டும் வேகன்) இன்னும் வேகமானது.

நீளத்தைக் கூட்டுமுன், எதிர் ரயிலுக்கு வழிவிடும் கிளைப்பாதைகளில் மிகக் குட்டையானதை அளந்து பாருங்கள். அதில் அடங்காத ரயிலால் எதிர் ரயில்கள் முடங்கும். நீண்ட ரயிலில் ஓர் என்ஜினை நடுவில் வைத்தால் கப்ளிங்கின் இழுவிசை குறையும், பிரேக் காற்றும் பின்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்.