சிண்டிகேட்: சுடுவதற்கு முன் கூட்டம் சேருங்கள்

புல்ஃப்ராக் நிறுவனம் உருவாக்கி 1993-ல் வெளிவந்த கணினி விளையாட்டான சிண்டிகேட்டில் புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் அவசரப்பட்டுத் துப்பாக்கியை உருவுவதால்தான். ஆயுதம் வெளியே தெரிந்தாலே போலீஸ் எச்சரிக்கும், உள்ளே வைக்காவிட்டால் சுடும். தொடக்கத்து பிஸ்டலை நம்பி அந்தச் சண்டைக்குப் போகாதீர்கள். ஆரம்ப மிஷன்களைக் காப்பாற்றுவது, ஆட்களை மயக்கி உங்கள் பக்கம் இழுக்கும் கருவியான பெர்சுவேடட்ரான்.

முதல் பணத்தில் நீங்கள் இயக்கும் ஏஜென்டுகளில் ஒருவருக்கு அதையும் இன்னொருவருக்கு ஸ்கேனரையும் வாங்குங்கள். பெர்சுவேடட்ரானைக் கையில் எடுத்துக்கொண்டு ஆள் நடமாட்டமுள்ள தெருவில் நடந்தால் பக்கத்தில் வரும் பொதுமக்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். காவலாளியையும் போலீஸையும் எடுத்த எடுப்பில் இழுக்க முடியாது, கூட்டம் பெருக வேண்டும். எதிரி ஏஜென்டை இழுக்க இன்னும் பெரிய கூட்டம் தேவை. மூளை மாற்றுறுப்பு பொருத்தியவருக்குச் சிறிய கூட்டமே போதும். அதனால் அந்த ஏஜென்டுக்கு முதலில் மூளை, கால் எல்லாம் பிறகு. சேர்ந்தவர்கள் கீழே கிடக்கும் துப்பாக்கிகளைப் பொறுக்கி உங்களுக்காகச் சுடுவார்கள். ஆட்டத்தின் மிக அழகான ஏற்பாடு இது.

அடுத்தது ஏஜென்டின் மருந்து அளவைக் கூட்டிக் குறைக்கத் திரையில் உள்ள பட்டைகள். சிவப்பு வேகத்துக்கு, நீலம் குறிபார்ப்பதற்கு, பழுப்பு தானாக யோசித்துச் செயல்படுவதற்கு. வலப்பக்கம் இழுத்தால் ஏஜென்ட் சீறுவார். அப்படியே விட்டுவிட்டால் உடம்பு பழகிப்போய் அதே அளவு மருந்து வேலை செய்யாது. சண்டை ஓய்ந்ததும் பட்டைகளை இடப்பக்கம் தள்ளி, ஆளில்லாத சந்தில் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். மவுஸின் இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் மூன்றும் உச்சத்துக்குப் போகும். அதை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரி கீழே போட்ட ஆயுதங்களை விட்டுவிட்டு வராதீர்கள். ஒருவர் எட்டுப் பொருள் சுமக்கலாம். விற்றால் காசு, புது வகையாக இருந்தால் ஆராய்ச்சிச் செலவும் குறையும். ஆராய்ச்சியில் ஊஸி (Uzi) துப்பாக்கி முதலில், பிறகு மினிகன். காஸ் (Gauss) கன்னில் மூன்றே குண்டு, வெடிப்பில் உங்கள் ஆட்களும் சேர்ந்து எரிவார்கள், கிட்டத்தில் சுடவே வேண்டாம்.

பிடித்த நாட்டில் வரியைப் பேராசையோடு ஏற்றினால் அது கிளர்ந்தெழுந்து கைவிட்டுப் போகும், அதே இடத்தை மறுபடி பிடிக்க வேண்டும். மக்கள் அதிருப்தி என்று காட்டியதும் ஓரிரு புள்ளி இறக்குங்கள். உலக வரைபடத் திரையில் காத்திருந்தாலே நாள் நகரும், வரி சேரும், ஆராய்ச்சியும் முன்னேறும். பணம் போதவில்லை என்றால் அடுத்த மிஷனுக்கு ஓடாமல் அங்கேயே காத்திருங்கள்.

மிஷன் நடுவில் சேமிக்க முடியாது. இறந்த ஏஜென்டோடு அவர் உடம்பில் பொருத்திய உறுப்புகளும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மிஷனுக்கும் முன்பு சேமியுங்கள். கடைசி மிஷனான அட்லாண்டிக் ஆக்சிலரேட்டரில் இறங்கியதுமே எதிரி ஏஜென்டுகள் சூழ்வார்கள்; அங்கே கூட்டம் சேர்க்க நேரமில்லை. நால்வருக்கும் மூன்றாம் நிலை உறுப்புகள், மினிகன், எனர்ஜி ஷீல்டு இருக்கட்டும். திரை திறந்த நொடியே இரு பொத்தான்களையும் அழுத்துங்கள்.