அக்டோபர் முழுக்கத் திகில்: ஹாலோவீன் வரை படிக்க, பார்க்க, கேட்க ஒரு செய்முறை

அக்டோபர் 31 ஹாலோவீன். அந்த மாதம் முழுவதையும் பேய்ப்படங்களுக்கும் திகில் கதைகளுக்கும் ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். இணையத்தில் தேடினால் "31 நாள், 31 படம்" என்கிற சவால்தான் முதலில் வரும். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வந்து தினம் ஒரு படம் என்று பார்த்தால் இரண்டாவது வாரத்திலேயே பயம் மரத்துப்போகும், படம் ஒரு பக்கம் ஓடும், கை தானாகப் போனைத் தேடும். வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். முதலில் படிப்பது, அப்புறம் பார்ப்பது. படிக்கும்போது அந்த வீட்டையும் அந்த முகத்தையும் நீங்களே மனதில் உருவாக்கியிருப்பீர்கள். அதோடு படத்துக்குள் போகிறபோது பயம் இரண்டு மடங்காகும்.

படி 1: பட்டியல்

பார்த்த படங்களைக் குறித்துவைக்கிற லெட்டர்பாக்ஸ்டு தளத்தில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்த தேதியோடு டைரி மாதிரி பதிவாகிவிடும், அடுத்த அக்டோபருக்கு உதவும். பார்ப்பதற்கு முன்னால் அங்கே விமர்சனம் படிக்க வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம், நல்ல காட்சிகள் பாதி அதிலேயே போய்விடும். சில விஷயங்களை உங்களால் தாங்க முடியாது என்றால் (எனக்கு மிருகங்கள் சாவது) 'டஸ் த டாக் டை' தளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். எது வருகிறது, எது வராது என்று பார்த்தவர்களே குறித்து வைத்திருப்பார்கள்.

படி 2: முதல் வாரம், டிராகுலா

பிராம் ஸ்டோக்கரின் நாவல் 1897இல் வந்தது. காப்புரிமை இல்லை, குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். நான் ஸ்டாண்டர்டு ஈபுக்ஸ் பதிப்பைத்தான் இறக்குவேன், எழுத்தமைப்பு கண்ணுக்கு இதமாக இருக்கும். முழு நாவலையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை. முதல் நான்கு அத்தியாயங்கள் போதும், அவை டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகிற ஜொனாதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு. இவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரர்கூட இல்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைக்கிறது. கண்ணாடியில் பிரபுவின் பிம்பம் விழவில்லை. பிறகு ஒரு ராத்திரி, அந்த மனிதர் கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். விளக்கை அணைக்கும் முன் படிக்க இதைவிடப் பொருத்தமான பக்கங்கள் எனக்குத் தெரியாது.

அப்புறம் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'நாஸ்ஃபெராட்டு', 1922, மௌனப்படம். நாவலின் உரிமை வாங்காமல் எடுத்தார்கள், டிராகுலா என்ற பெயரை ஓர்லாக் என்று மாற்றினார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டு வென்றார், பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் பார்க்கிறோம். சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பது இந்தப் படத்திலிருந்து வந்ததுதான். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறார்.

எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பது இங்கே ரொம்ப முக்கியம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல மங்கலானவை, வேகம் தப்பியவை, மேலே ஏதோ ஓர் இசையை ஒட்டியிருப்பார்கள். முர்னாவ் அறக்கட்டளை மீட்டெடுத்த, ஹான்ஸ் எர்ட்மானின் மூல இசையோடு வருகிற பதிப்பைத் தேடி எடுங்கள்.

*பின்சேர்க்கை:* "சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர்லாக் பட்டப்பகலில் தெருவில் போகிறாரே, வெயிலில் சாக மாட்டாரா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது நிறமேற்றாத பிரதி. அந்தக் காலத்தில் இரவுக்காட்சிகளையும் பகலில் எடுத்து, இரவு என்று தெரிவதற்காகப் பிரதியில் நீல நிறம் ஏற்றுவார்கள். கறுப்பு வெள்ளையாக மட்டும் வந்த பிரதிகளில் அந்த நீலம் போய்விட்டது, அதனால் ராத்திரி பகலாகிவிட்டது. மீட்டெடுத்த பதிப்பில் நிறங்கள் இருக்கின்றன.

படி 3: டிவியைச் சரிசெய்வது

நான் அதிகம் திண்டாடியது இங்கேதான். இதை முடிக்காமல் மூன்றாவது வாரத்துக்குப் போகாதீர்கள்.

திகில் படத்தில் பாதி விஷயம் இருட்டில் நடக்கிறது. கடையில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்கான 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடு அந்த இருட்டைக் கெடுத்துவிடும். முதல் வேலை, பிக்சர் மோடை ஃபிலிம்மேக்கர், சினிமா, மூவி இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகிவிடும், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மோஷன் ஸ்மூத்திங்கை அணைப்பது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. படங்கள் நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகின்றன. டிவி நடுவில் தானாக ஃப்ரேம்களைச் செய்து நுழைத்தால் எல்லாமே நேரலை கிரிக்கெட் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும், பேயின் மேக்கப் மேக்கப்பாகவே தெரியும்.

மூன்றாவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். படம் இருட்டாக இருக்கிறது என்று உடனே 'பிரைட்னஸ்' ஏற்றாதீர்கள். பல டிவிகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது கறுப்பின் அளவு. அதை ஏற்றினால் வெளிச்சம் கூடாது, கறுப்பு சாம்பலாக வெளுத்துப்போகும், இருட்டு மூலையில் நிற்கிற உருவம் சாம்பலோடு சாம்பலாகக் கலந்துவிடும். ஏற்ற வேண்டியது 'பேக்லைட்'டை, ஓஎல்இடி என்றால் 'பிக்சல் பிரைட்னஸ்'ஸை. கூடவே மின்சேமிப்பு மோடையும், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மங்குகிற சென்சாரையும் அணையுங்கள். அறையின் எல்லா விளக்குகளையும் அணைப்பதைவிட டிவிக்குப் பின்னால், திரையில் பிரதிபலிக்காத இடத்தில், ஒரு சின்ன விளக்கு வைப்பது நல்லது. கண்ணும் வலிக்காது, கறுப்பும் ஆழமாகத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாக நெளிந்தால் பிரச்சினை டிவியில் இல்லை, குறைந்த தரத்தில் ஸ்ட்ரீம் ஆகிறது. நெட்ஃபிளிக்ஸ் என்றால் கணக்கின் பிளேபேக் செட்டிங்ஸில் தரத்தை 'ஹை' என்று வையுங்கள். அடுத்த எபிசோடு தானாக ஓடுவதையும் அங்கேயே அணைத்துவிடுங்கள். ஒரு நல்ல எபிசோடு முடிந்தபின் வருகிற அந்த அமைதியும் உங்களுக்கு வேண்டும்.

*பின்சேர்க்கை:* சோனி வைத்திருக்கிறவர்கள் நான் சொன்னபடி செய்து படம் மங்கிவிட்டது என்று எழுதினார்கள். சோனியின் இன்றைய மாடல்களில் பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. அங்கே 'பிரைட்னஸ்' என்பதுதான் பேக்லைட், கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனியாக இருக்கும். பெயரை நம்பாமல் ஒரு இருட்டுக் காட்சியை நிறுத்திவைத்து நகர்த்திப் பாருங்கள், மேலேயும் கீழேயும் வருகிற கறுப்புப் பட்டை வெளுக்கிறது என்றால் நீங்கள் கறுப்பைத்தான் தொட்டிருக்கிறீர்கள்.

ஒலிக்கு ஒரே விதி. சாதாரணமாகப் பேசுகிற காட்சியில் அளவை வைத்துவிட்டு ரிமோட்டைத் தூரமாக வையுங்கள். 'ஆட்டோ வால்யூம்' வேண்டாம், முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் உள்ள வித்தியாசத்தை அது அழித்துவிடும். வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்றால் வயர் ஹெட்ஃபோன்.

படி 4: நடு வாரங்கள்

இரண்டாவது வாரம் சுலபம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902), அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அப்புறம் ஜார்ஜ் ரோமெரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968). இரண்டிலும் செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள். கதையில் கதவு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, படத்தில் கதவையே உடைக்கிறார்கள். எது அதிகம் பயமுறுத்தியது என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம்தான். விநியோகத்தின்போது படத்தின் தலைப்பை மாற்றியதில் காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனதால் இந்தப் படம் அமெரிக்காவில் யாருக்கும் காப்புரிமை இல்லாத பொதுச்சொத்து ஆகிவிட்டது. அதனால் மோசமான பிரதிகளும் ஏராளம். 2016இல் மீட்டெடுத்த பதிப்பைத் தேடுங்கள். இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் மூலம் இதுதான், ஆனால் ஜாம்பி என்ற சொல் படத்தில் ஒருமுறைகூட வராது.

மூன்றாவது வாரம் ஷெர்லி ஜாக்சனின் 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). இது இலவசமில்லை, காசு கொடுத்து வாங்கலாம், அத்தனைக்கும் தகுதியான புத்தகம். முதல் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். அந்த வீட்டில் பேய் இருக்கிறதா, நாயகி எலினோரின் தனிமைதான் எல்லாவற்றையும் செய்கிறதா என்று கடைசி வரை ஜாக்சன் சொல்ல மாட்டார். ராபர்ட் வைஸ் இதை வைத்து 1963இல் எடுத்த 'த ஹாண்டிங்' படமும் பேயைக் காட்டாது. ஒரு மரக்கதவு உள்பக்கமாகப் புடைத்து வளையும், அவ்வளவுதான். புத்தகத்தின் பெயரிலேயே நெட்ஃபிளிக்ஸில் வந்த மைக் ஃபிளானகனின் 2018 தொடர், 10 எபிசோடுகள், புத்தகத்தின் கதையே கிடையாது. வீட்டையும் பெயர்களையும் எடுத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் துக்கத்தைச் சொல்கிறது. புத்தகத்தை எதிர்பார்த்துப் போனால் கோபம்தான் வரும், தனியான ஒன்றாகப் பாருங்கள். அதில் பின்னணி இருட்டில் பல இடங்களில் பேய்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள், யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், கேமராவும் அருகில் போகாது. படி 3 வீண்போகாது என்பது இங்கே தெரியும். இந்தத் தொடரை மட்டும் தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள்.

படி 5: 30, 31

அக்டோபர் 30 இரவு திரையே வேண்டாம். 1938இல் இதே தேதியில் ஆர்சன் வெல்ஸ் குழு ஒலிபரப்பிய 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' வானொலி நாடகம், செவ்வாய்க் கிரகவாசிகள் பூமிமேல் படையெடுக்கிற கதை, ஒரு மணி நேரம், இணையத்தில் கிடைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நடன இசைக்கு நடுவே செய்தி அறிவிப்புகள் குறுக்கிடும், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பதற்றமாக வரும். அன்று நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. ஆனாலும் கேட்டால், உண்மை என்று நம்பியவர்கள் ஏன் நம்பினார்கள் என்பது புரியும். முடிவில் வெல்ஸே வந்து இது ஹாலோவீன் விளையாட்டு என்று சொல்லிவிடுவார்.

31 அன்று ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978). கதை நடப்பதும் அதே நாளில்தான். கொலைகாரன் போட்டிருக்கிற முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை அடித்தது. இசையும் கார்பென்டர்தான். அந்தப் பியானோ ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுகிறது, நாலில் முடியும் என்று காது எதிர்பார்க்கிற இடத்தில் ஒன்று கூடுதலாக வரும். முதல் முக்கால் மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். சட்டகத்தின் ஓரங்களையும் பின்னால் தெரிகிற வேலிகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள், கொலைகாரன் அங்கேதான் நிற்பான்.

*பின்சேர்க்கை:* மாதக் கடைசியில் இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு வாரத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். டிவியைச் சரிசெய்யுங்கள், 'குரங்கின் பாதம்' ஒரு ராத்திரி, 1963 படம் ஒரு ராத்திரி, அப்புறம் 30, 31 மேலே சொன்னபடி. ஹில் ஹவுஸ் தொடரை நவம்பரில் பாருங்கள், அவசரமாக ஓட்டிப் பார்க்கிற தொடர் இல்லை அது.