எமர்ஜென்சில நாம சொல்றது ஸ்டாஃப் காதுல ஏறணும்னா எப்படிப் பேசணும்

அப்பாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறல்னு எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போனப்போ வாசல்ல இருந்த நர்ஸ் "என்ன பிராப்ளம்"னு கேட்டாங்க. நான் போன மாசம் அவருக்கு சளி பிடிச்சதுலருந்து ஆரம்பிச்சேன், எந்த டாக்டர்கிட்ட காட்டினோம், அவர் என்ன சொன்னார், நடுவுல செக்கப் ஏன் தள்ளிப் போச்சுன்னு சொல்லிட்டே போறேன், அவங்க பாதியிலயே கையைக் காட்டி நிறுத்திட்டு அப்பா பக்கம் திரும்பி "எப்பலருந்து ஐயா மூச்சு வாங்குது"ன்னு கேட்டுட்டாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, பேசவே விட மாட்டேங்குறாங்களேன்னு கோவத்துல ரெண்டு வார்த்தை கத்தியும் விட்டேன். இன்னிக்கும் அதை நெனச்சா வருத்தமா இருக்கு. அவங்க தேடினது ஒரே ஒரு வரி, அதை நான் தரல. "ராத்திரி 11 மணிலருந்து மூச்சு வாங்குது, படுத்தா ஜாஸ்தியாகுது, ரெண்டு நாளா கால் வீங்கியிருக்கு, ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடறார்." இவ்ளோதான் வேணும், இதை சொல்ல பத்து செகண்ட் ஆகாது.

அதுக்கப்புறம் அப்பாவுக்காகவும் தங்கச்சிக்காகவும் நிறைய தடவை அந்த வாசல்ல நின்னாச்சு, நல்ல ஸ்டாஃபையும் பாத்தேன், மனசு நொந்து வந்த நாளும் உண்டு. அதுல கத்துக்கிட்டதை எல்லாம் இங்க எழுதறேன்.

மொதல்ல எங்க போறதுன்னு. அர்ஜென்ட் கேர்னு தனியா இருக்குற கிளினிக்குங்க சுளுக்கு, சின்ன வெட்டுக்காயம், காது வலி, யூரின் எரிச்சல், சாதாரண காய்ச்சல் இதுக்கெல்லாம் சரி, அங்க காத்திருக்கிறதும் பெரும்பாலும் கம்மி. நெஞ்சு வலி, மூச்சு விட முடியாம போறது, வாய் கோணறது, ஒரு பக்கம் கை கால் விழுந்துடறது, நிக்காத ரத்தம், தலைல அடிபட்டு நினைவு தப்பினது, ஃபிட்ஸ், கர்ப்பமா இருக்குறவங்களுக்கு ரத்தப்போக்கு, இதுக்கெல்லாம் நேரா எமர்ஜென்சிதான், அதுவும் முடிஞ்ச வரைக்கும் ஆம்புலன்ஸ்ல. பக்கத்துல இருக்கேன்னு கிளினிக்குக்கு போனா அங்கருந்து திருப்பி அனுப்புவாங்க, அந்த நேரம் திரும்ப வராது.

உள்ள போனதும் நடக்கறது பேரு டிரையாஜ். யார் மொதல்ல வந்தாங்கன்னு பாக்க மாட்டாங்க, யாருக்கு உயிர் ஆபத்து ஜாஸ்தின்னுதான் பாப்பாங்க. நெப்போலியன் படைல டாமினிக் லாரேன்னு ஒரு சர்ஜன் இருந்தார், பதவி என்னன்னு பாக்காம காயத்தோட தீவிரத்தைப் பாத்து சிகிச்சை குடுக்க ஆரம்பிச்சவர் அவர், அந்த வழக்கம்தான் இன்னிக்கு எல்லா எமர்ஜென்சிலயும் வேற வேற உருவத்துல ஓடுது. உதாரணத்துக்கு மான்செஸ்டர் முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல அஞ்சு கலர்: சிவப்புன்னா அந்த நிமிஷமே, ஆரஞ்சுக்கு 10 நிமிஷம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 நிமிஷத்துக்குள்ள பாக்கணும்ங்கறது குறி. கூட்டம் இருந்தா அது தள்ளியும் போகும். நமக்கப்புறம் வந்தவங்க நமக்கு முன்னாடி உள்ள போனா கோவம் வரும்தான். ஆனா எங்கப்பா அன்னிக்கு உள்ள போனது கை உடைஞ்சு ரெண்டு மணி நேரமா உக்காந்திருந்த ஒரு பையனைத் தாண்டி, அந்தப் பையனோட அம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லல.

முக்கியமா ஞாபகம் வெச்சுக்க வேண்டியது என்னன்னா, டிரையாஜ்ல குடுத்த கலர் அந்த நேரத்துக்கு மட்டும்தான். உக்காந்திருக்கறப்போ நிலைமை மாறினா அது தானா அவங்களுக்குத் தெரியாது, நீங்கதான் எழுந்து போய் சொல்லணும். "எப்ப கூப்பிடுவீங்க"ன்னு பத்து தடவை கேட்டா பதில் "கொஞ்ச நேரம்"னுதான் வரும். அதுவே "சிஸ்டர், வந்தப்போ நல்லா பேசிட்டிருந்தார், இப்ப அரை மணி நேரமா கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றார், திரும்ப ஒரு தடவை பாக்குறீங்களா"ன்னு சொல்லிப் பாருங்க. என்ன மாறிச்சு, எப்பலருந்து மாறிச்சு, இந்த ரெண்டும் இருந்தா அவங்களால ஏதாவது செய்ய முடியும்.

எப்பலருந்துங்கறது பக்கவாதத்துக்கு உயிர்நாடி மாதிரி. ரத்தக் கட்டியை கரைக்கிற ஊசி பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அந்தக் கணக்கு நீங்க பாத்த நேரத்துலருந்து தொடங்காது, கடைசியா அவங்க நல்லா இருந்த நேரத்துலருந்துதான் தொடங்கும். காலைல 6 மணிக்கு எழுப்பப் போனப்போ வாய் கோணியிருந்துச்சுன்னா, ராத்திரி கடைசியா எத்தனை மணிக்கு சரியா பேசினாங்க, நடுவுல பாத்ரூம் போக எழுந்தாங்களா, அப்ப நல்லா நடந்தாங்களா, இதைத்தான் சொல்லணும். நேரம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, குத்துமதிப்பா ஒண்ணை அடிச்சு விடாதீங்க. நேரம் தாண்டிருச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வீட்லயும் உக்காந்துடாதீங்க, சில பேருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட கட்டியை குழாய் விட்டு எடுக்க முடியும்.

வலி 0லருந்து 10க்குள்ள எவ்ளோன்னு கேப்பாங்க. எல்லாரும் 10னு சொல்றதால அந்த நம்பர் மட்டும் வெச்சு அவங்களுக்கு பெருசா புரியாது, அதோட கூட வலியால என்ன செய்ய முடியலன்னு சேத்து சொல்லுங்க, "நிமிர முடியல", "இருமினா உயிர் போகுது", "தூக்கத்துலருந்து எழுப்பி விட்டுச்சு" இப்படி. வலி மருந்து கேக்க கூச்சப்படாதீங்க, மருந்து போட்டா வலி அடங்கி, என்ன நோய்னு டாக்டரால கண்டுபிடிக்க முடியாம போயிடும்னு பழைய நெனப்பு ஒண்ணு இருக்கு, அதுக்காக யாரும் துடிச்சிட்டு கிடக்க வேண்டியதில்ல.

மறைக்காதீங்க. குடிச்சிருந்தா குடிச்சேன்னு, மாத்திரையை ஒரு வாரமா விட்டிருந்தா விட்டேன்னு, கர்ப்பமா இருக்க வாய்ப்பிருந்தா இருக்குன்னு, நாட்டு மருந்து எடுத்தா அதையும். சொந்தக்காரங்க சுத்தி நிக்கறதால சொல்ல முடியலன்னா நர்ஸ்கிட்ட "தனியா பேசணும்"னு ஒரு வார்த்தை போதும், அவங்களே மத்தவங்களை வெளிய அனுப்பிடுவாங்க. மாத்திரை லிஸ்ட் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருங்க, அதுல ரத்தம் உறையாம இருக்க குடுக்குற வார்ஃபரின், அபிக்ஸபான் மாதிரி மாத்திரை இருந்தா வாயாலயும் மொதல்லயே சொல்லிடுங்க, அதுவும் கீழ விழுந்து அடிபட்டு வந்திருந்தா கட்டாயம். அலர்ஜின்னு சொல்றப்போ மருந்து பேரோட நிறுத்தாம என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க. வயிறு பிரட்டறதும் தொண்டை அடைச்சு மூச்சு நிக்கறதும் அவங்களுக்கு ரெண்டு வேற விஷயம்.

ஒரே கேள்வியை நாலு பேர் வந்து கேப்பாங்க, "ஃபைல்ல இருக்கே"ன்னு எரிச்சல் வரும். வேணும்னேதான் திரும்ப கேக்கறாங்க, மொதல் தடவை சொல்ல மறந்தது மூணாவது தடவைதான் வாயில வரும். எங்க தங்கச்சி கதை அதுதான். வயித்து வலின்னு ஒரு ஆஸ்பத்திரிக்கு போனோம், பரீட்சை நேரம் வேற, டென்ஷன், கேஸ்னு சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. அவ அழுதா, அழுததையே டென்ஷனுக்கு சாட்சியா எடுத்துக்கிட்டாங்க, அது எனக்கு இன்னும் ஆறல. மறுநாள் வேற இடத்துல ஒரு டூட்டி டாக்டர் பக்கத்துல உக்காந்து "மொதல்ல எங்க வலிச்சுதும்மா, இப்ப எங்க வலிக்குது"ன்னு கேட்டார். தொப்புள் கிட்ட ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்கிடுச்சுன்னு அப்பதான் சொன்னா. அப்பெண்டிக்ஸ், அன்னிக்கே ஆபரேஷன். மொத நாள் யாரும் கேக்கலங்கறது அவங்க தப்புதான், ஆனா வலி இடம் மாறினது எனக்கும் தெரியும், அதை சொல்லணும்னு தெரியாமப் போச்சு. அதனால சொல்றேன், அவங்க கேக்காட்டியும் வலி எங்க ஆரம்பிச்சு எங்க போச்சு, எது செஞ்சா கூடுது, எது செஞ்சா குறையுதுன்னு நீங்களே சொல்லிருங்க.

காத்திருக்கறதுலயும் ஒரு காரணம் இருக்கும், கேட்டா சொல்லுவாங்க. நெஞ்சு வலின்னு போனா 10 நிமிஷத்துக்குள்ள இசிஜி எடுத்துடணும்ங்கறது வழக்கம், அது நடக்கலன்னா கேளுங்க. ஆனா ரத்தத்துல பாக்குற ட்ரோபோனின் டெஸ்ட் மாரடைப்பு வந்த உடனே ஏறிடாது, அதனால ஒண்ணுலருந்து மூணு மணி நேரம் கழிச்சு, சில இடத்துல இன்னும் லேட்டா, திரும்ப ரத்தம் எடுப்பாங்க. மொதல் ரிப்போர்ட் நார்மல்னு கேட்டதும் கிளம்பிடாதீங்க. எதையும் சாப்பிடறதுக்கு குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, ஆபரேஷன்னு ஆனா வயிறு காலியா இருக்கணும்.

சொல்லியும் காதுல போட்டுக்கல, உள்ளுக்குள்ள ஏதோ சரியில்லன்னு அடிச்சுக்குதுன்னா என்ன பண்ண? கத்தினா செக்யூரிட்டிதான் வருவாரு. குரலை இறக்கி, நிறுத்தி, "எனக்கு இதுல திருப்தி இல்ல, இவருக்கு ஆபத்தா ஏதோ நடக்குதுன்னு தோணுது, நான் சொன்னதை எழுதிக்கங்க, சீனியர் டாக்டரை ஒரு தடவை பாக்க சொல்லுங்க"ன்னு சொல்லுங்க. "எதெல்லாம் இல்லன்னு உறுதி பண்ணிட்டீங்க"ன்னு கேக்கறதும் நல்ல கேள்வி, மரியாதைக் குறைவா இருக்காது, ஆனா அவங்களை யோசிக்க வைக்கும். அப்பவும் நகரலன்னா வார்டு இன்சார்ஜ் நர்ஸ். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல ரையன்ஸ் ரூல்னும், இங்கிலாந்துல 2024லருந்து மார்த்தாஸ் ரூல்னும் கொண்டு வந்திருக்காங்க, நிலைமை மோசமாகுதுன்னு வீட்டு ஆளுங்களுக்கு தோணினா வேற டீமை வந்து பாக்க சொல்லிக் கேக்கலாம். குழந்தைங்க சிகிச்சைல இருக்கறப்பவே உயிர் விட்டு, பெத்தவங்க போராடினதாலதான் ரெண்டும் வந்துச்சு. நீங்க இருக்குற இடத்துல அந்த மாதிரி வழி இருக்கான்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கங்க.

ஷிஃப்ட் மாறுற நேரம்தான் எனக்கு பயம். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வாங்கிக்கறப்போ ஏதாவது ஒண்ணு விழுந்துரும். புது ஆள் வந்ததும் பேர் சொல்லி அறிமுகப்படுத்திக்கிட்டு, இப்ப என்ன நிலைமை, முன்னாடி என்ன இருந்துச்சு, எந்த ரிசல்ட் இன்னும் வரணும், அடுத்து என்ன செய்யறதா சொன்னாங்க, இந்த நாலையும் சுருக்கமா சொல்லிடுங்க. ஸ்டாஃபே தங்களுக்குள்ள கிட்டத்தட்ட இந்த வரிசைலதான் பேசிக்கணும்னு பழகறாங்க, எஸ்பார்னு அதுக்கு பேரு, அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்லருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை. அதே மாதிரி வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் மட்டும் பேசுங்க, ஆறு பேர் ஆறு விதமா சொன்னா நர்ஸ் யாரை நம்புவாங்க?

வீட்டுக்கு அனுப்பறப்போ அசதில தலையாட்டிட்டு கிளம்பிடுவோம், அங்கதான் நிறைய பேர் கோட்டை விடறது. "நான் புரிஞ்சுக்கிட்டதை சொல்றேன், சரியான்னு பாருங்க"ன்னு மாத்திரையை நீங்க திருப்பி சொல்லுங்க. என்ன ஆனா திரும்ப ஓடி வரணும், எத்தனை நாளுக்குள்ள யாரைப் பாக்கணும், வராத ரிப்போர்ட்டை யார்கிட்ட கேக்கணும், இதை எல்லாம் பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க. திரும்பப் போக வெக்கப்படாதீங்க, நேத்து போட்ட ஊசிக்கு தங்கச்சி வலி அடங்கலன்னு நாங்க வெக்கப்பட்டு இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தா என்ன ஆயிருக்குமோ.

புகார் குடுக்கறதா இருந்தா அன்னிக்கே எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னாங்கன்னு குறிச்சு வெச்சுட்டு, கோவம் தணிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு எழுதுங்க, நேரம் போட்டு எழுதின புகாரை ஒதுக்கறது கஷ்டம். தங்கச்சி விஷயத்துல நாங்க எழுதினோம், வருத்தம் தெரிவிச்சு ஒரு பதில் வந்துச்சு. நல்லது நடந்தாலும் அதே மாதிரி எழுதுங்க. எங்கப்பாவை அன்னிக்கு உள்ள கூட்டிட்டுப் போன அந்த நர்ஸ்கிட்ட ஆறாவது நாள் டிஸ்சார்ஜ் அன்னிக்கு போய் மன்னிப்பு கேட்டேன், அவங்க "பரவால்லங்க, ஐயா இப்ப தலகாணி உசத்தாம படுக்கறாரா"ன்னு கேட்டாங்க. படுக்கறார்னு சொன்னேன். அவங்க பேரைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டுதான் வந்தேன்.