கறுப்பு வண்டா? பின்னங்கால் பாதத்தைப் பாருங்கள்

காட்டில் அதிகம் பார்த்திராத கறுப்பு வண்டு கிடைத்தால், முதுகை மட்டும் படமெடுத்து நிறுத்தாதீர்கள். கண்ணாடிக் குப்பிக்குள் நடக்கவிட்டு அடிப்பக்கத்திலிருந்தும் ஒரு நெருக்கப் படம் எடுங்கள். முன்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்தைந்து கணு (பாதத்தின் சிறு துண்டு), பின்னங்காலில் நான்கே கணு என்றால் அது டார்க்லிங் (Tenebrionidae) என்ற வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு. நுனி நகத்தைக் கணுவாக எண்ண வேண்டாம்.

டார்க்லிங் குடும்பத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதால் நிறமும் உருவமும் எளிதில் ஏமாற்றும். கணுக் கணக்கு அவ்வளவாக மாறாது. கல்லுக்கடியில் அதேபோல் ஒளிந்திருக்கும் தரைவண்டுக்கு ஆறு கால்களிலும் ஐந்து கணுதான்.

கொப்புள வண்டுக்கும் இதே 5-5-4 கணக்கு உண்டு. அதனால் தலையையும் பாருங்கள்: டார்க்லிங்குக்கு உணர்கொம்பின் அடி, தலையின் ஓர விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும், கொப்புள வண்டுக்கு வெளியே தெரியும், கழுத்தும் ஒடுங்கியிருக்கும். கொப்புள வண்டை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் கொப்பளிக்கும்.

புழுப் பருவத்துக்கும் பாதம் உடைந்த வண்டுக்கும் இந்த வழி உதவாது. குடும்பம்தான் தெரியும், இனத்தின் பெயருக்குப் பல நேரம் நுண்ணோக்கி வேண்டும்.