சமூக அறிவியலில் உலக ஒத்துழைப்பின் வரலாறு: கோலாலம்பூரில் இருந்தபடியே ஆய்வைத் தொடங்குவது எப்படி?

சமூகவியல், வரலாறு, அரசியல், பொருளியல் படிக்கிற நம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது தோட்டப்புறம், தமிழ்ப்பள்ளி, கோயில் என்றுதான் அதிகம் போகிறார்கள். எல்லாமே தேவையான தலைப்புகள். ஆனால் நம்மவர் அதிகம் தொடாத ஒன்று இருக்கிறது. சமூகத்தை ஆராய்வதற்காகப் பல நாட்டு அறிஞர்கள் எப்படிக் கைகோத்தார்கள், அந்த மேசையில் நம் பகுதிக்கு இடம் கிடைத்ததா என்பது. இதற்காகப் பாரிஸுக்கோ ஜெனீவாவுக்கோ போக வேண்டியதில்லை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டே தொடங்கலாம். முதல்முறை இறங்குகிறவர்களுக்காக ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு காலக்கோடு போடுங்கள்

பெரிய தாளில் ஒரு கோடு இழுத்து இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1853: கெத்தலே என்ற பெல்ஜிய அறிஞரின் முயற்சியால் பிரஸ்ஸல்ஸில் முதல் உலகப் புள்ளியியல் மாநாடு. 1893: ரெனே வோர்ம்ஸ் பாரிஸில் தொடங்கிய உலகச் சமூகவியல் கழகம். 1922: முதல் உலகப் போருக்குப் பின் உருவான நாடுகளின் சங்கம் அமைத்த அறிவுசார் ஒத்துழைப்புக் குழு. இதற்குத் தலைவர் பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சன். மேரி கியூரியும் ஐன்ஸ்டைனும் உறுப்பினர்கள். கல்கத்தாவிலிருந்து பானர்ஜி என்ற பொருளியல் பேராசிரியரும் இருந்தார். 1949: உலகச் சமூகவியல் சங்கமும் உலக அரசியல் அறிவியல் சங்கமும். 1952: யுனெஸ்கோவின் ஆதரவில் உலகச் சமூக அறிவியல் மன்றம். 2018: அந்த மன்றம் இயற்கை அறிவியலாரின் மன்றத்தோடு இணைந்து ஒரே அமைப்பானது.

அப்புறம் அதே கோட்டுக்குக் கீழே வேறு நிற மையால் நம் ஆண்டுகளை எழுதுங்கள். 1949: சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம். 1957: மலாயாவின் விடுதலை. 1958: மலாயா யுனெஸ்கோவில் சேர்கிறது. 1969: பினாங்கில் பல்கலைக்கழகம். மேல் வரிசையில் பெரிய சங்கங்கள் உருவானபோது கீழ் வரிசையில் நாம் இன்னும் காலனி நாடாக இருந்தது பார்த்தவுடனே தெரியும். உங்கள் ஆய்வுக்கான கேள்வி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

படி 2: ஒரே ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் பலரும் தடுமாறுகிற இடம் இது. 'யுனெஸ்கோவும் சமூக அறிவியலும்' என்று தலைப்பு வைத்தால் பத்து ஆண்டுகள் ஆனாலும் முடியாது. ஒரு கூட்டம், ஓர் அறிக்கை, ஒரு மாநாடு போதும்.

பயிற்சிக்கு இனம் பற்றிய யுனெஸ்கோவின் 1950ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். நாஜிகளின் இனக்கொள்கைக்குப் பதிலாக அறிவுலகம் என்ன சொல்கிறது என்று கேட்டு, 1949 டிசம்பரில் பாரிஸில் ஒரு குழுவைக் கூட்டினார்கள். கையெழுத்திட்டவர்கள் எட்டுப் பேர். கணினியில் நான்கு பத்தி கொண்ட அட்டவணை ஒன்று திறந்து, பெயர், நாடு, துறை, குழுவில் பொறுப்பு என்று நிரப்புங்கள்.

பீகிள்ஹோல், நியூசிலாந்து. கோமாஸ், மெக்சிகோ. கோஸ்தா பிந்தோ, பிரேசில். ஃபிரேசியர், அமெரிக்கா. கின்ஸ்பெர்க், பிரிட்டன். ஹுமாயூன் கபீர், இந்தியா. லெவி ஸ்ட்ராஸ், பிரான்ஸ். மொண்டேகு, அமெரிக்கா.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். ஃபிரேசியர் கறுப்பின அமெரிக்கச் சமூகவியலாளர். குழுவுக்குத் தலைவரே அவர்தான். அவருடைய நாட்டிலேயே தென்மாநிலங்களில் பள்ளிகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. ஆசியாவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர். ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் யாரும் இல்லை. இனவாதத்தால் அதிகம் அடிபட்ட கண்டங்களில் ஒன்று, இனம் பற்றி முடிவெடுத்த அறையில் இல்லை. துறை என்ற பத்தியும் ஒன்றைச் சொல்லும். பெரும்பாலானவர்கள் சமூக அறிவியலார். அதனால்தான் மரபியலாளர்களும் உடல்சார் மானிடவியலாளர்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, 1951இல் இரண்டாவது அறிக்கை ஒன்று எழுத வேண்டி வந்தது. எட்டு வரி அட்டவணைக்குள் இவ்வளவு கிடைக்கிறது.

படி 3: யார் கூட்டினார், யார் செலவு செய்தார், யாருடைய கேள்வி?

எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் விடை முன்னுரையிலோ நன்றியுரையிலோ இருக்கும். மாணவர்கள் தாண்டிப் போகிற பக்கங்கள் அவை, தாண்டாதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், இரண்டு ஜெர்மனிகள் உள்பட 12 நாடுகள் சேர்ந்து, மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தன. ஹங்கேரியரான சாலாய் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 1972இல் நூலாக வந்தது. எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள் ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரிய விஷயம், மனதார மதிக்கிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் விட்டால் பெரு மட்டும்தான். விடியுமுன் பால் மரம் வெட்டப் போன ரப்பர் தோட்டப் பெண்ணின் 24 மணி நேரம் அந்தக் கணக்கில் இல்லை.

படி 4: அலாத்தாஸைப் படியுங்கள்

இந்தக் குறையைக் கூர்மையாகச் சொன்னவர் நம் பகுதியிலேயே இருந்தார். சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸ், மலேசிய அரசியல் கட்சியான கெராக்கானின் முதல் தலைவர் என்று பினாங்குக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 'சிறைப்பட்ட மனம்' என்ற கருத்தை விளக்கி 1972லும் 1974லும் யுனெஸ்கோவின் சமூக அறிவியல் இதழிலேயே எழுதினார். மேற்கிலிருந்து வரும் கேள்வியையும் முறையையும் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆசிய ஆய்வாளரைப் பற்றியது அந்த விமர்சனம். ஒத்துழைப்புக்காகத் தொடங்கிய இதழே அந்த ஒத்துழைப்பின் குறையைச் சொல்லவும் இடம் கொடுத்திருக்கிறது பாருங்கள். இரண்டு கட்டுரைகளும் நீளம் குறைவுதான். ஒரு வார இறுதி போதும்.

படி 5: 1966க்கு வாருங்கள்

இப்போது நம் ஊருக்கு. ஆசிய மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராய்பவர்களுக்காக 1873இல் பாரிஸில் தொடங்கிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின் 26ஆவது கூட்டம் 1964 ஜனவரியில் புதுடில்லியில் நடந்தது. அங்கே கூடியிருந்த தமிழறிஞர்கள் சிலர் தனியாகச் சந்தித்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை நிறுவினார்கள். முன்னின்றவர், அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள். மன்றத்தின் முதல் தலைவர் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா. இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

இது மொழி, இலக்கிய மாநாடு அல்லவா என்று கேட்பீர்கள். அதோடு வரலாறும் சமூகமும் அங்கே பேசப்பட்டன. படி 3இன் கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். ஐரோப்பியர் தொடங்கிய ஒரு மாநாட்டின் ஓரத்தில் பிறந்த மன்றம், முதல் கூட்டத்தைச் சென்னையிலும் வைக்கவில்லை, பாரிஸிலும் வைக்கவில்லை. தொழிலாளர்களாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரில் வைத்தது. சென்னைக்கு 1968இலும் பாரிஸுக்கு 1970இலும்தான் போனது. மலேசியத் தமிழர் இதைப் பெருமையாகப் பேசுகிறோம், சரி. ஆனால் ஏன் இங்கே, யார் பணம் கொடுத்தார்கள், மலேசியச் சமூகத்தைப் பற்றிய கட்டுரைகள் எத்தனை, அவற்றை எழுதியவர்கள் எந்த நாட்டவர் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் உங்களுக்கு ஒரு முழு ஆய்வேடு கிடைக்கும்.

படி 6: ஆவணம் தேடுவது

மாநாட்டுக் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக அச்சாகின. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தேடலைத் தொடங்குங்கள். பினாங்கில் இருப்பவர்கள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகப் பட்டியலை முதலில் பாருங்கள். யுனெஸ்கோவின் அறிக்கைகளும் பழைய இதழ்களும் அதன் இணைய ஆவணத் தளமான யுனெஸ்டாக்கில் இலவசம். அன்றைய செய்திகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளம் இருக்கிறது. தேதியை 1966 ஏப்ரல் என்று சுருக்கித் தேடுங்கள். பெயர்களைப் பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தனிநாயகம் என்பதை ஒரே சொல்லாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதியிருப்பார்கள்.

படி 7: பெரியவர்களைப் பாருங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1966 மாநாட்டில் இளைஞர்களாகத் தொண்டூழியம் செய்தவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். "மாநாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றால் ஏற்கெனவே அச்சில் வந்ததைத்தான் சொல்வார்கள். "வெளிநாட்டுப் பேராளர்களை எங்கே தங்க வைத்தீர்கள், சமையல் யார், உங்கள் கையில் என்ன வேலை கொடுத்தார்கள்" என்று கேளுங்கள். அழைப்பிதழோ படமோ எடுத்துக் காட்டினால், அனுமதி கேட்டு இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கக்கூடும்; அவற்றை அந்தப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே வாசித்து உங்கள் அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.